ஐந்நூறு மீற்றர் எருமை

மே 11, ஞாயிறு

காலையில் மெற்றில்டா தொலைபேசியில் அழைத்து, "மாஸ்டர், உங்களிட்டை அந்தச் சின்னத் தராசு இன்னும் இருக்கோ?" என்று கேட்டார்.

இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்ற அன்று பிள்ளைகள் தந்தது. அல்பேர்ட்டாவுக்கு வந்த பிறகு அதில் நான் ஒன்றையும் நிறுத்ததில்லை.

"அப்ப தூக்கிக்கொண்டு வாங்கோ. மத்தியானச் சாப்பாடும் இஞ்சதான்."

இந்தச் சிற்றூரில் தமிழ்க் குடும்பங்கள் மூன்று. ஒன்று மருந்துக்கடை வைத்திருக்கும் இளம் சோடி. மற்ற இரண்டையும் குடும்பம் என்று சொல்வது மரியாதைக்குத்தான். ஒன்றில் நான், மற்றதில் மெற்றில்டா. என் மனைவி போய் எட்டு வருடமாகிறது. அவருடைய சவிரிமுத்து போய் இரண்டு மாரி.

சாப்பிட்ட பிறகு கராஜுக்குக் கூட்டிப்போனார். மேசையில் சவிரிமுத்துவின் துவக்கு. பழைய காலத்து அமைப்பு. விசையைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெடித்த கோது வெளியே துள்ளும், குழலுக்குக் கீழேயுள்ள குழாயிலிருந்து அடுத்த தோட்டா உள்ளே போகும். குழல் எட்டுப் பட்டையாக இருந்தது. தொட்டேன், குளிர்ந்தது.

இங்கே துவக்குக் கழகத்தில் ஒரு வழக்கம். செப்டெம்பரில் ஒரு நாள், பழைய துவக்குக்காரர் எல்லோரும் கூடி, ஐந்நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் இரும்பு எருமையைச் சுடுவார்கள். தொலைநோக்கி பூட்டக் கூடாது. ஆளுக்கு ஐந்து தோட்டா, குழாயிலிருந்துதான் ஏற்ற வேண்டும். பட்டால், சுட்டவர் தானே வெள்ளைப் பெயின்ற் வாளியோடு நடந்துபோய் அந்த அடையாளத்தின்மேல் பூச வேண்டும். சவிரிமுத்து ஏழு வருடம் முயன்றார். வாளியைத் தொடவில்லை.

"கடைத் தோட்டா அவ்வளவு தூரத்துக்குச் சரிவராது மாஸ்டர். இவர் தானே செய்து பார்த்தவர். பாதியிலை விட்டிட்டுப் போயிட்டார். எனக்குச் சுடத் தெரியும், இந்த வெடிமருந்து நிறுக்கிற வேலை தெரியாது."

"ஏன் இப்ப?"

"மகள் பிறிசில்லா ரொறன்ரோவுக்கு வா வா எண்டு நிக்கிறாள். அப்பாவின்ரை எருமையை அடிச்சுப்போட்டு வாறன் எண்டு வாக்குக் குடுத்திட்டன். அடிச்சால் வீட்டை வித்திட்டுப் போவன். இல்லாட்டி இன்னொரு வருசம்."

நான் தராசை மேசையில் வைத்து மட்டம் பார்த்தேன்.

மே 24, சனி

துவக்கு அனுமதிப் பத்திரத்துக்கான வகுப்பை முன்னொரு காலத்தில் மகனுக்குத் துணையாகப் போய் முடித்திருந்தேன். அது இப்போது உதவுகிறது. மகன் கல்கரியிலிருந்து பேசினான்.

"அப்பா, ஊரிலை துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்கள் துவக்குக்குச் சமைச்சுப் போடுறியளோ?"

"இது இரும்பு எருமைக்கு, தம்பி. அது திருப்பிச் சுடாது."

சிரித்தான். பிறகு, "அன்ரி எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டான். எந்த அன்ரி என்று கேட்டேன்.

யூன் 7, சனி

இன்று முதல் தோட்டாக்கள். வெடித்த கோதைத் துப்புரவாக்கி, அடியில் தீப்பொறி தரும் புதுத் தொப்பி வைத்து, மருந்து அளந்து கொட்டி, ஈயச் சன்னத்தை மேலே அமர்த்தி, கோதின் வாயை மெல்ல நெரித்துவிட வேண்டும். சன்னத்தின் மூக்கு தட்டையாக இருக்க வேண்டும். குழாய்க்குள் தோட்டாக்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாகக் கிடப்பவை. கூர்மூக்கு என்றால் முன்னதன் தொப்பியைக் குத்திவிடும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் கையில் திறந்த கவராயம் வைத்திருப்பதைப்போல.

மெற்றில்டாவிடம் ஒரு விதியைச் சொன்னேன். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கறியில் உப்பும் புளியும் ஒருசேரக் கூட்டிவிட்டு, ருசி எதனால் கெட்டது என்று கேட்கக் கூடாது.

"என்ரை கறி எப்ப கெட்டது?"

"உதாரணத்துக்குச் சொன்னன்."

"உதாரணத்துக்கும் என்ரை கறியை இழுக்காதேங்கோ."

யூன் 14, சனி

சூடு சிதறிப் போகிறது. இருநூறு மீற்றரில் வைத்த கடதாசியில் ஐந்து ஓட்டைகள், ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்தால்தான் மூடும். மெற்றில்டாவில் பிழையில்லை. அவர் மூச்சை விட்டு, விரலை மட்டும் அசைத்துச் சுடுகிறார். தோள் அசைவதில்லை. சவிரிமுத்துவைவிட இவர்தான் நல்ல சூட்டுக்காரர் என்று கழகத் தலைவர் வெர்ன் என் காதில் சொன்னார். அதைச் சவிரிமுத்துவும் அறிந்திருந்தாராம்.

திரும்பும்போது மழை. மழை விடும்வரை தேநீர் குடித்தோம். மழை விட்ட பிறகும் கேத்திலில் கொஞ்சம் மீதி இருந்தது.

யூன் 28, சனி

மருந்தைத் துளித்துளியாகக் கூட்டிக்கொண்டு போகிறோம், சவிரிமுத்து வைத்திருந்த புத்தகத்தின் எல்லைக்குள்ளேயே. ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து தோட்டா. ஓட்டைகள் விரிகின்றன, நெருங்குகின்றன, மறுபடி விரிகின்றன. ஏன் என்று மெற்றில்டா கேட்டார்.

"குழல் வெடிக்கேக்க அதிரும். ஊஞ்சல் மாதிரி. ஊஞ்சலிலை இருந்து குதிக்கிற பிள்ளை நடுவிலை குதிச்சால் எங்கை விழும் எண்டு சொல்லேலாது. ஆனால் உச்சிக்குப் போய், திரும்ப முன்னம், ஒரு கணம் நிக்கும். அந்த நேரத்திலை சன்னம் வெளிக்கிட வேணும். அதுக்குரிய மருந்து அளவைத்தான் தேடுறம்."

அவர் வெடித்த கோதுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார்.

"அந்த ஒரு கணம் ஊஞ்சலுக்குத் தெரியுமோ மாஸ்டர்?"

நாற்பது வருடம் படிப்பித்தவனிடம் ஒரு பிள்ளையும் கேட்காத கேள்வி.

யூலை 5, சனி

புதுச் சேர்ட் இரண்டு வாங்கினேன். பழையவற்றில் ஈயக்கறை.

யூலை 12, சனி

கனோலா வயல்கள் பூத்துவிட்டன. கழகத்து வெளியைச் சுற்றி எல்லாப் பக்கமும் மஞ்சள். வானத்துக்கும் நிலத்துக்கும் இடையில் யாரோ மஞ்சள் சேலையைக் காயப்போட்டதுபோல. மேற்கே மலைகள் வெள்ளைக் கோடாக, இருக்கின்றனவோ இல்லையோ என்று சொல்ல முடியாமல் தெரிந்தன. வெயில் சூட்டில் நிலம் ஆவிபோல் நெளிந்தது. தொலைநோக்கியில் பார்த்தால் அந்த நெளிவு ஓடும் திசையே காற்றின் திசை. இலக்கு நீருக்குள் கிடப்பதுபோல் ஆடியது.

மெற்றில்டா ஐந்து சுட்டார். போய்ப் பார்த்தோம். தேநீர்க் கோப்பையை ஓட்டைகளின்மேல் வைத்தேன். மூடிவிட்டது. கோப்பைக்குள் இன்னும் கொஞ்சம் இடமும் மிச்சம்.

"என்ன மாஸ்டர்?"

"நல்லாயிருக்கு. ஆனால் ஒருக்கா நடந்ததை வைச்சு முடிவெடுக்கேலாது."

இது உண்மையான விதி. எந்தப் பரிசோதனையையும் திருப்பிச் செய்து பார்க்க வேண்டும்.

யூலை 19, சனி

திருப்பிச் செய்தோம். அதே கோப்பை மூடியது.

யூலை 26, சனி

ஈயத்தை இன்னும் மென்மையாக்கினால் குழலை நன்றாகப் பற்றும் என்று மெற்றில்டாவிடம் சொன்னேன். கோப்பை மூடியது உண்மைதான், ஆனால் இருநூறு வேறு, ஐந்நூறு வேறு. எழுத்துச் சோதனையில் நூறு வாங்கும் பிள்ளை வாய்மொழிச் சோதனையில் தடுமாறுவதில்லையா?

"சரி மாஸ்டர். நீங்கள் சொன்னால் சரி," என்று அடுப்பை மூட்டினார்.

மென்மையான ஈயத்தை உருக்கினோம். இரும்புச் சட்டியில் அது முதலில் சாம்பல். பிறகு சட்டெனக் கண்ணாடி. அதற்குள் கராஜ் சன்னலும் எங்கள் இரண்டு பேரின் தலைகளும் தெரிந்தன. அச்சில் ஊற்றும்போதுதான் ஞாபகம் வந்தது, அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றோம் என்று.

ஓகஸ்ட் 2, சனி

வீடு விற்கும் முகவர் ஒரு பெண் வந்து மெற்றில்டாவின் அறைகளை அளந்துகொண்டு போனாள். சமையலறை சின்னது என்றாளாம். அந்தச் சமையலறையில் ஒரு குறையும் இல்லை.

ஓகஸ்ட் 9, சனி

புது ஈயத்தோடு சூடு விரிந்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டளவு இல்லை, ஆனாலும் கோப்பை போதாது. சன்னத்தில் பூசும் தேன்மெழுகில் கொஞ்சம் கொழுப்புக் கூட்டிப் பார்க்கலாம் என்று சொன்னேன். மருந்தையும் சற்றுக் குறைத்தேன்.

ஓகஸ்ட் 16, சனி

இன்னும் மோசம். மெற்றில்டா கடதாசியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், மெழுகை மாத்தினீங்கள். மருந்தையும் மாத்தினீங்களோ?"

"கொஞ்சம்."

"ஈயம் ஏற்கெனவே மாத்தினது."

"ஓம்."

"உப்பும் புளியும் மிளகாயும்."

எனக்குக் காது சூடாகியது. கரும்பலகையில் பிழையாக எழுதியதைப் பிள்ளைகள் கண்டுபிடித்த நாட்கள் உண்டு; அப்போது சிரித்துச் சமாளிப்பேன். இன்று முடியவில்லை. வெயிலைக் காரணம் சொன்னேன். அவர் கடதாசியைச் சுருட்டி காரின் பின்னிருக்கையில் வைத்தார். வழிநெடுக வேறு கதை கதைத்தார். குருநகரில் தன் தகப்பன் வள்ளத்தால் இறங்கும்போது காலிலிருந்து மணல் கொட்டுவதைப் பற்றி. கனோலா பூ உதிர்ந்து வயல் பச்சையும் மங்கலுமாகக் கிடந்தது.

ஓகஸ்ட் 30, சனி

காற்று. சுடவில்லை. அவர் வீட்டில் தக்காளி பழுத்துக் கொட்டுகிறது. ஒரு கூடை தந்தார். இனி மூன்று நாளைக்கு அதுதான் சாப்பாடு.

செப்டெம்பர் 6, சனி

பிறிசில்லா தாயோடு தொலைபேசியில் கதைக்கும்போது நான் அங்கே இருந்தேன். ஒலி பெருக்கியில் போட்டிருந்தார்.

"மாஸ்டர் அங்கிள், எருமை விழுமோ?"

"எருமை இரும்பு, பிள்ளை. விழாது. சத்தம் போடும்."

"சத்தம் போட்டால் போதும். அம்மாவின்ரை அறைக்குப் பெயின்ற் அடிச்சாச்சு. இளநீலம். யன்னலுக்கு நேரை ஒரு மேப்பிள் மரம்."

நல்ல பிள்ளை. அவள் சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. தனியே இருக்கும் தாய், நீளமான மாரி, வழுக்கும் படி. என் வகுப்பில் இதை ஒரு கணக்காகக் கொடுத்திருந்தால் விடை ரொறன்ரோ என்றுதான் வரும்.

செப்டெம்பர் 12, வெள்ளி

மத்தியானம் நாளைக்கான தோட்டாக்களைச் செய்தேன். மெற்றில்டா பிரார்த்தனைக்குப் போயிருந்தார். கராஜ் திறப்பு என்னிடம்.

இரண்டு பெட்டி நிறைந்தது. ஒன்று யூலைத் தோட்டா, மற்றது ஓகஸ்ட் தோட்டா. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். பெட்டிகளில் ஒன்றும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். தராசில் வைத்தால் தெரியும், மென்மையான ஈயம் பாரம் கூட. ஆனால் நிறுத்துப் பார்க்கப் போவது யார்? ஐந்நூறு மீற்றரில் ஐந்து சூடும் தவறினால் அது யாருடைய பிழையும் இல்லை. காற்று உண்டு, வெயில் உண்டு, வயது உண்டு. சவிரிமுத்து ஏழு வருடம் தவறவிட்டார், ஒருவரும் காரணம் கேட்கவில்லை. அடுத்த மே மாதம் மறுபடி தராசைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

சன்னல் வழியாக வெயில் மேசைக்கு வந்தது. கோதுகள் பொன்போல் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டு கதிரையில் இருந்தேன். கொஞ்சம் அயர்ந்துவிட்டேன்போல. கனவில்லை, கனவு மாதிரி: மெற்றில்டா குனிந்து சுடுகிறார், சுட்டுவிட்டு நிமிர்ந்து காது கொடுக்கிறார், ஒன்றும் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். அந்த முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

எழும்பினேன். ஓகஸ்ட் பெட்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். சன்னம் உருக்குச் சட்டிக்குப் போனது, மருந்தை வெளியே கொண்டுபோய்த் தக்காளிச் செடிகளுக்கு அடியில் தூவினேன். வேலை முடிய மெற்றில்டா வந்தார்.

"எல்லாம் தயாரோ?"

"தயார். இது நல்ல தோட்டா. தவறாது."

"இவ்வளவு நிச்சயமாய் நீங்கள் ஒண்டையும் சொல்லி நான் கேட்டதில்லை," என்றார்.

செப்டெம்பர் 13, சனி

வெளிச்சம் நன்றாக இருந்தது. புல் வைக்கோல் நிறம். முப்பது பேரளவில் வந்திருந்தார்கள். வழக்கப்படி சுடுபவருக்குப் பக்கத்தில் ஒருவர் தொலைநோக்கியோடு இருந்து காற்றைச் சொல்லலாம். நான் இருந்தேன்.

ஐந்நூறு மீற்றரில் எருமை ஒரு எறும்பு. நெளிவு இடமிருந்து வலமாக ஓடியது. ஊரில் குருநகருக்கும் மண்டைதீவுக்கும் இடையில் வள்ளம் கடக்கும்போது, நேரே போக வேண்டிய இடத்துக்கு நேரே பிடிக்க மாட்டார்கள். நீரோட்டத்துக்கு எதிராகக் கொஞ்சம் மேலே பிடிப்பார்கள். அதை மெற்றில்டாவுக்குச் சொல்லத் தேவையில்லை. துவக்கின் பின்குறியை ஒரு கோடு இடம் என்று மட்டும் சொன்னேன்.

முதலாவது: எருமையின் முகத்துக்கு முன்னால் மண் எழும்பியது. அரைக் கோடு கூட்டச் சொன்னேன். இரண்டாவது: காலடியில் மண். மெற்றில்டா பின்குறியை மிகச் சிறிது உயர்த்தினார். வளையத்தைத் தள்ளி இழுத்தார். கோது துள்ளி என் முழங்காலில் பட்டது, சுட்டது.

"காத்து ஒரே அளவிலை நிக்குது," என்றேன். "இப்ப."

அவர் அவசரப்படவில்லை. மூச்சு வெளியே போனது. வெடித்தது.

அவ்வளவு தூரம் போக அந்தச் சன்னத்துக்கு ஒன்றரை விநாடி. பட்ட சத்தம் திரும்பி வர இன்னுமொரு ஒன்றரை. அந்த இடைவெளியில் ஒன்றும் செய்ய முடியாது. வெடித்த புகை எங்களைத் தாண்டி மெல்ல மிதந்தது. நான் தொலைநோக்கியில் எருமையைப் பார்க்கவில்லை. மெற்றில்டாவைப் பார்த்தேன். தலையைச் சற்றுச் சரித்து, கண்ணை மூடி, யாரோ கூப்பிடுவதைக் கேட்பதுபோல.

மணி அடித்தது. தூரத்துக் கோயில் மணி, காற்றுக்குள் நனைந்து வருவதுபோல.

எல்லோரும் கத்தினார்கள். மெற்றில்டா துவக்கைத் திறந்து, மீதித் தோட்டாக்களை வெளியே எடுத்து, மேசையில் வைத்தார். பிறகுதான் அழுதார். வெர்ன் பெயின்ற் வாளியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மாஸ்டர், வாங்கோ. வாளியைப் பிடியுங்கோ."

புல்லுக்குள்ளால் நடந்தோம். வெட்டுக்கிளிகள் எழும்பி எழும்பி விழுந்தன. பாதித் தூரத்தில் மெற்றில்டா என் பக்கம் பார்த்தார்.

"யூலையிலையே சரிவந்திட்டுது, என்ன?"

வாளி கையில் பாரமாகியது.

"கனோலா பூத்த கிழமை," என்றார். "அதுக்குப் பிறகு நீங்கள் திருத்தேல்லை, குழப்பினீங்கள். துவக்கைப் பிடிச்சவள் நான். எனக்குத் தெரியாதோ?"

"தெரிஞ்சால் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

எருமை பெரிதாகிக்கொண்டு வந்தது. தோளில் புதிதாக ஒரு சாம்பல் பூ. ஈயம் பட்டுத் தெறித்த இடம். மெற்றில்டா தூரிகையை நனைத்தார். பூசினார். நன்றாக ஊறும்வரை மறுபடி பூசினார். "அடிச்சாச்சு, சவிரி," என்று மெல்லச் சொன்னார், எனக்கல்ல.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு மனிசியோட இருந்து கதைக்கிறதுக்கு உங்களுக்கு வெடிமருந்து வேண்டிக்கிடக்கு. நல்ல மாஸ்டர்!"

எனக்கு உதாரணம் ஒன்றும் வரவில்லை. தேடிப் பார்த்தேன், வரவில்லை.

"போகாதேங்கோ, மெற்றில்டா," என்றேன்.

அவர் தூரிகையை வாளியின் விளிம்பில் வழித்தார். ஒரு துளி மிச்சமில்லாமல் வழித்தார்.

"நான் பிள்ளைக்கு வாக்குக் குடுத்தனான். நானாய் அதை முறிக்கமாட்டன். உங்களுக்குச் சொல்ல ஏதும் இருந்தால் அவளுக்குச் சொல்லுங்கோ. நான் மறிக்கேல்லை."

செப்டெம்பர் 14, ஞாயிறு

காலையில் முகம் வழித்தேன். இஸ்திரி போட்ட சேர்ட். தொலைபேசியில் பேசுவதற்கு இஸ்திரி எதற்கு என்று கேட்க வீட்டில் ஆளில்லை. மெற்றில்டா வீட்டுக்குப் போய்த்தான் பிறிசில்லாவுக்கு எடுத்தேன், அவருக்குத் தெரியாமல் பேசுவது சரியில்லை.

"மாஸ்டர் அங்கிள்! அம்மா சொன்னவ! மூண்டாவது சூடாம்! அப்பா இருந்திருந்தால்..." பிறிசில்லா மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "அப்ப அம்மாவுக்கு எப்ப ரிக்கெற் போட?"

நான் சொன்னேன். அலங்காரம் ஒன்றும் இல்லாமல் சொன்னேன். தோட்டா யூலையிலேயே சரியானதையும், நான் இழுத்தடித்ததையும், வெள்ளிக்கிழமை இரண்டு பெட்டி செய்ததையும் சொன்னேன். இரண்டு பெட்டிக் கதை மெற்றில்டாவுக்கும் புதிது. கறி கிளறிய கை நின்றது.

மறுமுனையில் கதவொன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்பா செத்து ரெண்டு வருசம்தான், அங்கிள்."

"ஓம் பிள்ளை. தெரியும்."

"நீங்கள் கோயில், நாங்கள் சேர்ச்."

"அதுவும் தெரியும்."

"நான் யன்னலுக்குத் திரை எல்லாம் வாங்கிப்போட்டன்." அழுகிறாளா, கோபமா என்று பிரிக்க முடியவில்லை. "இதைப் போனிலை கதைக்கேலாது. அம்மா வரட்டும். நீங்களும் வாங்கோ. முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ. நான் ஓம் எண்டு சொல்லேல்லை, கேட்டுதோ?"

"கேட்டுது."

தொலைபேசியை வைத்தேன். மெற்றில்டா அடுப்பைத் தணித்தார், என்னைப் பார்க்கவில்லை.

"ரெண்டு பெட்டியோ?"

"ஓம்."

"மற்றப் பெட்டி எங்கை?"

"உங்கடை தக்காளிக்கு அடியிலை."

அவர் சன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பயணத்துக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று கணக்குப் போடத் தொடங்கினார். குளிர்ச் சட்டை, வெந்தய மா, பிறிசில்லாவுக்கு மீன் கருவாடு.

"துவக்கு?"

"அதை ஏன் அவ்வளவு தூரம் காவுறது? அது இஞ்சையே இருக்கட்டும்," என்றேன்.

"இஞ்சை எண்டால்," மெற்றில்டா இரண்டு கோப்பைகளை எடுத்து மேசையில் வைத்தார், "ஆரின்ரை வீட்டிலை?"